வலையமைப்புக் கண்காணிப்புக் கருவிகளும் மின்னஞ்சல் பழுதறி கருவிகளும்: தமிழ் மடல்களை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

கருத்தரங்க அழைப்பு, ஆய்வுச்சுருக்கம், கட்டுரை ஏற்புக் கடிதம், வாய்மொழித் தேர்வு அறிவிப்பு என உயர்கல்விப் பணிகளுள் பெரும்பாலானவை இன்று மின்னஞ்சல் வழியாகவே நிகழ்கின்றன. மடல் சேராதபோது கல்லூரிகளின் கணினிப் பிரிவினர் முதலில் நாடுவது வலையமைப்புக் கண்காணிப்புக் கருவியையே. அக்கருவி பழுதில்லை என்று காட்டும்; மடலோ சேர்ந்திராது. இம்முரண் ஏன் தோன்றுகிறது, இருவகைக் கருவிகளும் எவற்றை அளக்கின்றன, தமிழ் எழுத்தில் அமையும் மடலும் முகவரியும் இக்கருவிகளுக்கு முன் எவ்வாறு நிற்கின்றன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. திருச்செங்கோட்டுப் பகுதிக் கல்லூரி ஒன்றில் நேர்ந்த நிகழ்வு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வலையமைப்புக் கண்காணிப்பு, மின்னஞ்சல் பழுதறிதல், ஒருங்குறி, தமிழ் மின்னஞ்சல் முகவரி, அனுப்புநர் சான்று, திருச்செங்கோடு

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தில் உள்ள திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் விசைத்தறிக்கும் பெயர்பெற்ற ஊர். அண்மைப் பத்தாண்டுகளில் கல்லூரிகள் மிகுந்த ஊராகவும் அது வளர்ந்துள்ளது. இக்கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் நடத்தும் கருத்தரங்குகளுக்குத் தமிழகமெங்கும் உள்ள ஆய்வாளர்கள் மின்னஞ்சல் வழியே கட்டுரை அனுப்புகின்றனர். ரிக் வண்டியின் இயந்திரம் ஓடிக்கொண்டிருப்பதாலேயே கிணற்றில் நீர் கண்டுவிட்டது என்று இவ்வூரில் எவரும் முடிவு செய்வதில்லை. ஆனால், இணைய இணைப்பு இயங்குவதாலேயே மடல் சேர்ந்துவிட்டது என்று முடிவு செய்யும் வழக்கம் கல்வி நிறுவனங்களில் பரவலாக உள்ளது. இவ்விரண்டும் வெவ்வேறு வினாக்கள் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வலையமைப்புக் கண்காணிப்புக் கருவிகள்

வலையமைப்புக் கண்காணிப்பு என்பது கணினிகளையும் அவற்றை இணைக்கும் கருவிகளையும் இடைவிடாது வினவி, அவை இயங்கும் நிலையைப் பதிவு செய்வதாகும். இதன் தொடக்கநிலைக் கருவி, மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய 'பிங்' என்னும் சிறு நிரலாகும். ஒரு கணினிக்குச் சிறு செய்தியை அனுப்பி, அதன் மறுமொழி வருகிறதா, எத்தனை மில்லி நொடியில் வருகிறது என்பதை அது அளக்கிறது. செய்தி கடந்து செல்லும் திசைவிகளை ஒவ்வொன்றாக வெளிப்படுத்தும் 'டிரேஸ்ரூட்' நிரலை வான் ஜேக்கப்சன் எண்பதுகளின் பிற்பகுதியில் உருவாக்கினார். திசைவி, சுவிட்ச், வழங்கி ஆகியவற்றின் உள்நிலையைக் கேட்டறியும் எளிய வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை (எஸ்.என்.எம்.பி.) 1988இல் வெளியானது. இன்றைய கண்காணிப்புக் கருவிகளுள் பெரும்பாலானவை இந்நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன.

டோபியாஸ் ஓட்டிக்கர் 1995இல் உருவாக்கிய எம்.ஆர்.டி.ஜி., ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை திசைவியை வினவி, இணைப்பில் ஓடும் தரவின் அளவை வரைபடமாகக் காட்டியது. ஈதன் கால்ஸ்டாட் 1999இல் வெளியிட்ட நெட்செயின்ட் என்னும் மென்பொருள் பின்னர் நாகியோஸ் எனப் பெயர் மாறியது. அது ஒவ்வொரு சேவையையும் நலம், எச்சரிக்கை, நெருக்கடி, அறியப்படாதது என்னும் நான்கு நிலைகளுள் ஒன்றில் வைத்துக் காட்டுகிறது. லாட்வியாவில் உருவான ஸாபிக்ஸ் இதே வகையினது. இத்துறையில் தமிழகத்திற்கும் தனியிடம் உண்டு. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் வலையமைப்பு மேலாண்மை மென்பொருளுக்காகத் தொடங்கப்பட்ட நிறுவனமே 2009இல் ஸோஹோ எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதன் மேனேஜ்எஞ்ஜின் பிரிவு வழங்கும் ஆப்மேனேஜர், வலையமைப்புக் கண்காணிப்புக் கருவியே ஆகும்.

இக்கருவிகளின் பொதுப்பண்புகள் மூன்று. முதலாவது, இவை நிறுவனத்தின் சொந்த உடைமைகளையே கண்காணிக்கின்றன. இரண்டாவது, எவரும் குறை கூறுவதற்கு முன்பே தாமாக இயங்குகின்றன. மூன்றாவது, எண்களையும் வரம்புகளையும் கொண்டு முடிவு செய்கின்றன. வழங்கியின் நினைவகம் 90 விழுக்காட்டைக் கடந்தால் எச்சரிக்கை விடுக்க வேண்டும் என்பது போன்ற வரம்பைப் பணியாளரே வகுக்கிறார். ஆகவே இவற்றின் அறிவு பணியாளர் வகுத்த வினாக்களின் எல்லைக்கு உட்பட்டது.

2. மின்னஞ்சல் பழுதறி கருவிகள்

மின்னஞ்சல் பரிமாற்றம், 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய எளிய மடல் பரிமாற்ற நெறிமுறையை (எஸ்.எம்.டி.பி.) அடித்தளமாகக் கொண்டது. அது இரு வழங்கிகளுக்கு இடையே நிகழும் உரையாடலாகும். அனுப்பும் வழங்கி, பெறுநரின் களப்பெயருக்குரிய மடல் வழங்கி எது என்பதைக் களப்பெயர் முறைமையில் உள்ள எம்.எக்ஸ். பதிவிலிருந்து அறிகிறது. பின்னர் அவ்வழங்கியோடு தொடர்புகொண்டு, தன்னை அறிமுகம் செய்து, அனுப்புநர் யார், பெறுநர் யார் என்று கூறி, மடலை ஒப்படைக்கிறது. ஒவ்வொரு கூற்றுக்கும் மறுமுனை மூன்று இலக்க எண் ஒன்றை மறுமொழியாகத் தருகிறது. 2இல் தொடங்கும் எண் ஏற்பையும், 3இல் தொடங்குவது மேலும் தொடருமாறு கேட்பதையும், 4இல் தொடங்குவது தற்காலிக மறுப்பையும், 5இல் தொடங்குவது நிலையான மறுப்பையும் குறிக்கும். தற்காலிக மறுப்பு வந்தால் அனுப்பும் வழங்கி இடைவெளி விட்டு மீண்டும் முயலும். முயற்சியைக் கைவிடும் முன் குறைந்தது நான்கைந்து நாள்கள் காத்திருக்க வேண்டும் என்பது நெறிமுறை. இறுதிநாளில் அனுப்பிய ஆய்வுச்சுருக்கம் சில நாள்கள் கழித்து வந்து சேர்வதற்கு இது ஒரு காரணமாகலாம்.

மின்னஞ்சல் பழுதறி கருவிகள் இவ்வுரையாடலின் வெவ்வேறு கட்டங்களை ஆராய்கின்றன. களப்பெயர்ப் பதிவுகளைப் பார்க்க 'டிக்', 'என்.எஸ்.லுக்அப்' ஆகியன உதவுகின்றன. உரையாடலை நிகழ்த்திக் காட்ட 'சுவாக்ஸ்' என்னும் கட்டளைவரி நிரல் உள்ளது. எம்.எக்ஸ்.டூல்பாக்ஸ் போன்ற இணையவழிச் சேவைகள் ஒரு களப்பெயரின் மடல் அமைப்பை வெளியிலிருந்து பார்த்து அறிக்கை தருகின்றன. சேர்ந்த மடலின் தலைப்பகுதியைப் பகுத்துக் காட்டும் கருவிகளும் உள்ளன. ஒவ்வொரு வழங்கியும் தான் மடலைப் பெற்ற நேரத்தைத் தலைப்பகுதியின் மேற்புறத்தில் சேர்ப்பதால், அதனைக் கீழிருந்து மேலாகப் படித்தல் வேண்டும். நம் நம்பிக்கைக்குரிய வழங்கிக்குக் கீழுள்ள வரிகள் போலியாகவும் எழுதப்படக்கூடும் என்பது இங்கு நினைவிற்கொள்ளத் தக்கது.

இன்றைய பழுதுகளுள் கணிசமானவை அனுப்புநர் சான்று தொடர்பானவை. இச்சான்று மூவகைப்படும். ஒரு களப்பெயரின் சார்பாக எந்தெந்த வழங்கிகள் மடல் அனுப்பலாம் என்று அறிவிப்பது எஸ்.பி.எஃப். மடலின் உள்ளடக்கம் வழியில் மாற்றப்படவில்லை என்பதை மின்னொப்பத்தால் உறுதிசெய்வது டி.கே.ஐ.எம். இவ்விரண்டுள் ஒன்றேனும் பெறுநர் காணும் அனுப்புநர் களப்பெயரோடு பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தாத மடலை என்ன செய்வது என்று கூறுவது டி.மார்க். 2024 பிப்ரவரி முதல், தம் பயனர்களுக்கு நாளொன்றுக்கு 5000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் இம்மூன்றையும் அமைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்தது. யாகூவும் மொத்தமாக அனுப்புவோருக்கு இத்தகைய விதியைக் கொணர்ந்தது. குறைவாக அனுப்புவோரும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். ஆகியவற்றுள் ஒன்றையாவது கொண்டிருத்தல் வேண்டும்.

3. ஒப்பீடு

இருவகைக் கருவிகளுக்கும் இடையிலான வேறுபாடுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

அ) வினா: கண்காணிப்புக் கருவி 'இயங்குகிறதா?' என்று கேட்கிறது. பழுதறி கருவி 'ஏற்கப்பட்டதா?' என்று கேட்கிறது. முன்னதன் விடை இயந்திரத்தைச் சார்ந்தது. பின்னதன் விடை மறுமுனையின் முடிவைச் சார்ந்தது.

ஆ) காலம்: கண்காணிப்பு தொடர்ச்சியானது. பழுதறிதல் பெரும்பாலும் குறை எழுந்தபின் தொடங்குவது. விதிவிலக்காக, டி.மார்க் அறிக்கைகளைப் பெறும் நிறுவனங்களுக்கு நாள்தோறும் தொகுப்புச் செய்தி வந்துசேரும்.

இ) சான்று இருக்கும் இடம்: கண்காணிப்புக்குத் தேவையான சான்று நிறுவனத்தின் உள்ளேயே உள்ளது. மின்னஞ்சலில் சான்றின் ஒரு பகுதி பெறுநரின் வழங்கியில் இருக்கிறது. மடல் ஏற்கப்பட்டு ஸ்பேம் பகுதிக்குள் ஒதுக்கப்பட்டால், அனுப்பியவருக்கு எந்த மறுப்பும் வராது. பெறுநரே தலைப்பகுதியை எடுத்துத் தந்தாலன்றி அதனை அறிதல் அரிது.

ஈ) மொழி: கண்காணிப்புக் கருவி மடலின் உள்ளே எழுதப்பட்டிருப்பது தமிழா பிறமொழியா என்று அறியாது, அறியவும் தேவையில்லை. பழுதறி கருவிக்கு அது இன்றியமையாதது.

இருவகையும் சந்திக்கும் இடமும் உண்டு. நாகியோஸ் கருவியோடு வழங்கப்படும் மடல்வழங்கிச் சோதனை, 25ஆம் வாயிலில் வழங்கி வரவேற்பு மறுமொழி தருகிறதா என்று பார்க்கிறது. ஆனால் வரவேற்பு என்பது உரையாடலின் முதல் வரி மட்டுமே. அதற்குப் பிந்தைய மறுப்புகளை இச்சோதனை தன்னளவில் காட்டுவதில்லை. திரை பச்சையாக இருக்க மடல் சேராமற்போகும் முரணின் விளக்கம் இதுவே.

4. தமிழ் மடலும் தமிழ் முகவரியும்

மின்னஞ்சல் நெறிமுறை ஆங்கில எழுத்துகளை மட்டும் கருதி வடிவமைக்கப்பட்டது. தமிழை அதற்குள் செலுத்த மூன்று இடங்களில் மூவேறு வழிகள் வகுக்கப்பட்டன.

முதலாவது, மடலின் பொருள்வரி. 1996இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2047 என்னும் நெறி, பிறமொழிப் பொருள்வரியை ஆங்கில எழுத்துக் குறியீடாக மாற்றி அனுப்ப வழிசெய்தது. யூ.டி.எஃப்.-8 குறிமுறையில் தமிழ்க் குறிப்புள்ளி ஒவ்வொன்றும் 3 பைட்டு இடம் பெறும். பேஸ்64 முறையில் 3 பைட்டு 4 எழுத்துகளாகும். ஒரு குறியீட்டுச் சொல்லின் உச்ச நீளம் 75 எழுத்து. அதில் முன்னும் பின்னும் 12 எழுத்துகள் போக, 15 தமிழ்க் குறிப்புள்ளிகளே அடங்கும். 'திருச்செங்கோடு' என்னும் சொல் தமிழ் இலக்கண மரபில் 7 எழுத்து. ஒருங்குறியில் 14 குறிப்புள்ளி. எனவே அது ஒரு குறியீட்டுச் சொல்லுக்குள் அடங்கிவிடும். அதைவிட நீண்ட பொருள்வரி பல துண்டுகளாகப் பிரிக்கப்பட வேண்டும். குறிப்புள்ளியின் நடுவே பிரித்தல் கூடாது என்பது நெறி. இதனைப் பின்பற்றாத மென்பொருள் அனுப்பும் பொருள்வரியில் சில எழுத்துகளுக்குப் பதிலாகக் கேள்விக்குறிகள் தோன்றும். தமிழ் எழுத்து மட்டும் வரும் தொடரில் இக்குறை வெளிப்படாமலும், இடைவெளியோ எண்ணோ கலந்தவுடன் வெளிப்படுவதாகவும் அமையலாம். இடைவெளிக்கு ஒரு பைட்டே தேவைப்படுவதால் மும்மூன்றாகச் செல்லும் கணக்கு அங்குக் குலைகிறது. இணைப்புக் கோப்பின் பெயருக்கும் இத்தகைய சிக்கல் உண்டு. விழுக்காட்டுக் குறி முறையில் ஒரு குறிப்புள்ளி 9 எழுத்தாக விரிவதால், 'திருச்செங்கோடு' என்னும் கோப்புப் பெயர் 126 எழுத்தாகிறது.

இரண்டாவது, களப்பெயர். '.இலங்கை', '.இந்தியா', '.சிங்கப்பூர்' ஆகிய தமிழ் மேல்நிலைக் களப்பெயர்கள் 2010, 2011 ஆண்டுகளில் இணையத்தின் வேர்நிலையில் சேர்க்கப்பட்டன. களப்பெயர் முறைமைக்குள் இவை தமிழ் எழுத்தாக இடம்பெறுவதில்லை. பியூனிகோடு என்னும் முறையால் எக்ஸ்.என். என்னும் முன்னொட்டுடைய ஆங்கில எழுத்துத் தொடராக மாற்றப்படுகின்றன. பழுதறி கருவி ஒன்று தமிழ்க் களப்பெயரைத் தானே மாற்றிக்கொள்கிறதா, மாற்றித் தருமாறு பயனரை எதிர்பார்க்கிறதா என்பது அதன் தகுதியை அறிய உதவும் எளிய அளவுகோலாகும்.

மூன்றாவது, முகவரியில் பயனர்பெயர்ப் பகுதி. இதற்குப் பியூனிகோடு பயன்படாது. 2012 பிப்ரவரியில் வெளியான நெறிகள், இரு வழங்கிகளும் எஸ்.எம்.டி.பி.யூ.டி.எஃப்.8 என்னும் விரிவாக்கத்தை ஏற்றிருந்தால் தமிழ் எழுத்திலேயே முகவரியை அனுப்பலாம் என்று வகுத்தன. ஜிமெயில் 2014இலும், போஸ்ட்ஃபிக்ஸ் மடல் மென்பொருள் 2015இலும் இதனை ஏற்றன. மறுமுனை ஏற்காவிடில் 5.6.7 என்னும் விரிவுக் குறியீட்டுடன் மடல் திரும்பும். 

பயனர்பெயருக்குரிய உச்ச வரம்பு 64 பைட்டு என்பதும் இங்குக் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் 64 எழுத்து எழுதலாம்; தமிழிலோ 21 குறிப்புள்ளிக்கு மேல் எழுத இயலாது. திருச்செங்கோட்டில் ஆண்மக்களுக்குப் பரவலாக இடப்படும் 'அர்த்தநாரீஸ்வரன்' என்னும் பெயர் 16 குறிப்புள்ளி, அதாவது 48 பைட்டு. ஊர்ப்பெயரை முன்னே சேர்த்து இடையில் புள்ளியிட்டால் 91 பைட்டாகி வரம்பைக் கடந்துவிடும். அதே பெயர் ஆங்கில எழுத்தில் 30 பைட்டுக்குள் அடங்கும். ஊர்ப்பெயரை முன்னொட்டாகக் கொள்ளும் தமிழ்ப் பெயர் மரபுக்கு இவ்வரம்பு இடம் தரவில்லை என்பது தெளிவாகிறது.

மேலும், 'கோ' என்னும் எழுத்தை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒன்று, ஏகாரக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இயல்பாக்கம் செய்யாத வழங்கிக்கு இவை இருவேறு பயனர்கள். ஔகாரக் குறிக்கு மாற்றாக ளகரத்தைத் தட்டச்சிடுதல், 'ஸ்ரீ' என்பதை இருவேறு மெய்களைக் கொண்டு எழுதுதல் ஆகியன இயல்பாக்கத்தாலும் தீராதவை. 'அப்படியொரு பயனர் இல்லை' என்று 5.1.1 குறியீட்டுடன் மடல் திரும்பும்போது, முகவரியைக் கண்ணால் சரிபார்த்தல் போதாது. குறிப்புள்ளிகளாகப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். எழுத்தின் கட்டமைப்பை அறிந்த தமிழாய்வாளரின் துணை கணினிப் பிரிவினருக்குத் தேவைப்படும் இடம் இதுவாகும்.

5. ஒரு நிகழ்வு

கட்டுரையாளர் ஒருங்கிணைப்புப் பணியில் பங்கேற்ற கருத்தரங்கு ஒன்று திருச்செங்கோட்டுப் பகுதியில் உள்ள கல்லூரியில் நடைபெற்றது. அழைப்பு மடல்கள் பலருக்குச் சேரவில்லை. ஆய்வுச்சுருக்கம் அனுப்பியவர்களுக்குத் துறை எழுதிய ஏற்புக் கடிதங்களும் சேரவில்லை. மறுமொழி வராததால் தம் சுருக்கம் மறுக்கப்பட்டதாகக் கருதிய ஆய்வாளர் ஒருவர், அக்கட்டுரையை வேறிடத்திற்கு அனுப்பிவிட்டார். கணினி அறையின் கண்காணிப்புத் திரையில் இணைய இணைப்பு, திசைவி, வழங்கி ஆகிய அனைத்தும் நலமென்றே இருந்தன. அத்திரை காட்டியது பொய்யும் அன்று.

திரும்பிய மடல்களைத் தேடியபோது, அவை எவரும் திறந்து பாராத முகவரி ஒன்றில் குவிந்திருந்தமை தெரியவந்தது. அவற்றுள் 550 5.7.26 என்னும் குறியீடு காணப்பட்டது. அனுப்புநர் சான்றுகள் தேறவில்லை என்பது அதன் பொருள். களப்பெயர்ப் பதிவுகளை 'டிக்' கொண்டு பார்த்தபோது காரணம் புலப்பட்டது. அழைப்புகளை மொத்தமாக அனுப்பும் பொருட்டுப் புதிய சேவை ஒன்றை அமைத்தபோது, அதற்கென இரண்டாவது எஸ்.பி.எஃப். பதிவு சேர்க்கப்பட்டிருந்தது. ஒரு களப்பெயருக்கு ஒரே பதிவுதான் இருக்க வேண்டும். இரண்டு இருப்பின் இரண்டும் செல்லாது, நிலையான பிழையாகவே கொள்ளப்படும் என்பது ஆர்.எஃப்.சி. 7208 வகுத்த நெறி. டி.கே.ஐ.எம். ஒப்பமும் அமைக்கப்பட்டிருக்கவில்லை. இதனால் புதிய சேவையின் மடல்கள் மட்டுமன்றி, அதுவரை இடரின்றிச் சென்றுகொண்டிருந்த துறையின் வழக்கமான மடல்களும் சான்றிழந்தன. சில திரும்பின, சில பெறுநரின் ஸ்பேம் பகுதியில் ஒதுங்கின.

இரு பதிவுகளையும் ஒன்றாக இணைத்து, டி.கே.ஐ.எம். திறவியைச் சேர்த்து, எதனையும் மறுக்காது அறிக்கை மட்டும் பெறும் நிலையில் டி.மார்க் அமைத்தபின் மடல்கள் சேரத் தொடங்கின. ஆயினும் ஒரு குறை எஞ்சியது. பதிவுப் படிவத்தில் தமிழ் மின்னஞ்சல் முகவரியை இட்டபோது 'முறையற்ற முகவரி' என்று படிவம் மறுத்தது. தமிழ்க் கருத்தரங்கின் படிவம் தமிழ் முகவரியை ஏற்கவில்லை. இம்மறுப்பு நிகழ்ந்தது உலாவியிலேயே ஆதலால், வலையமைப்புக் கருவி, மின்னஞ்சல் கருவி இரண்டின் பார்வைக்கும் அது வரவில்லை. எந்த வழங்கியிலும் அதற்குத் தடயம் இல்லை. எல்லா முகவரிகளையும் எல்லாச் செயலிகளும் ஏற்க வேண்டும் என்று வலியுறுத்தும் அனைத்தேற்பு இயக்கம், 2023 மார்ச் 28 அன்று முதல் அனைத்தேற்பு நாளைக் கடைப்பிடித்தது; அதன் முதன்மை நிகழ்வு புதுதில்லியில் நடைபெற்றது. அவ்வியக்கம் சுட்டும் சிக்கல் தமிழ்த்துறையின் வாயிலிலேயே இருப்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

6. கல்வி நிறுவனங்களுக்கான சோதனை வரிசை

மேற்கண்டவற்றின் அடிப்படையில் மடல் சேராதபோது பின்பற்றத்தக்க வரிசை பின்வருமாறு அமையலாம்.

1. கண்காணிப்புக் கருவியில் இணைப்பும் வழங்கியும் இயங்குகின்றனவா என்று பார்த்தல்.
2. எம்.எக்ஸ்., எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் பதிவுகளை வெளியிலிருந்து வினவுதல்.
3. திரும்பிய மடல்களின் குறியீட்டைப் படித்தல். அவை சேரும் முகவரியை ஒருவர் பொறுப்பில் விடுதல்.
4. சுவாக்ஸ் போன்ற நிரலால் உரையாடலை மீண்டும் நிகழ்த்திப் பார்த்தல்.
5. சேர்ந்த மடல் ஒன்றின் தலைப்பகுதியைப் பெறுநரிடமிருந்து பெற்று ஆராய்தல்.
6. தமிழ்ச் சோதனை: எண்ணும் இடைவெளியும் கலந்த நீண்ட தமிழ்ப் பொருள்வரி, தமிழ்ப் பெயர்கொண்ட இணைப்புக் கோப்பு, தமிழ் முகவரி ஆகிய மூன்றையும் தனித்தனி மடலில் அனுப்பிப் பார்த்தல்.

முதற்படியோடு நின்றுவிடுவதே பரவலான குறை. ஆறாம் படியைச் செய்வோர் இருப்பின் அது தமிழ்த்துறையின் வேண்டுகோளால்தான் நிகழும்.

முடிவுரை

வலையமைப்புக் கண்காணிப்புக் கருவியும் மின்னஞ்சல் பழுதறி கருவியும் ஒன்றற்கொன்று மாற்றாக அமைவன அல்ல. முன்னது நிறுவனத்தின் இயந்திரங்களுக்குப் பொறுப்பேற்கிறது. பின்னது அனுப்பியவருக்கும் பெறுநருக்கும் இடையிலான ஒப்படைப்பை ஆராய்கிறது. அனுப்புநர் சான்று விதிகள் கடுமையாகிவரும் நிலையில், பின்னதன் தேவை சிறு கல்லூரிகளுக்கும் பெருகியுள்ளது. தமிழ் மடலைப் பொறுத்தவரை, குறிமுறை, இயல்பாக்கம், பைட்டு வரம்பு ஆகிய மூன்றும் தனிக் கவனத்திற்கு உரியன. படிவ நிலையிலேயே தமிழ் முகவரி மறுக்கப்படுவதை இருவகைக் கருவிகளும் காட்டுவதில்லை. தமிழில் முகவரி வைத்திருப்போர் முயன்று பார்த்தால்தான் அது வெளிப்படும். ஆய்வாளர் ஒருவரின் கட்டுரை உரிய நாளில் உரியவரைச் சேர்வது இத்தகைய சிறு சோதனைகளைச் சார்ந்திருப்பதால், கருத்தரங்க அறிவிப்பு வெளியாகும் முன்பே இவற்றைச் செய்து முடித்தல் ஒருங்கிணைப்பாளர்களின் கடமைகளுள் ஒன்றாகக் கொள்ளப்படல் வேண்டும்.